மைக் யார் கையில்?

ஆராதனை எட்டரைக்கு. எட்டு இருபதுக்கு வெஸ்ட்ரிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சபையார் பார்ப்பதெல்லாம் வெள்ளை அங்கியும் ஸ்டோலுமாகக் கண்களைத் தாழ்த்திக்கொண்டு பவனியில் வரும் குருவானவரை. பத்து நிமிடம் முன்னால் அதே குருவானவர் ஒரு கையை அங்கிக்குள் நுழைத்தபடி, மறு கையால் அறிவிப்புச் சீட்டைத் தள்ளியபடி, "இன்னைக்கு இது வேண்டாம் அண்ணாச்சி, அடுத்த வாரம் வாசிப்போம்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். செயலாளர் அசைய மாட்டார். "ஐயா, நன்கொடை குடுத்தவங்க பேரு. அந்தக் குடும்பமே மெட்ராஸ்ல இருந்து வந்து முன் பெஞ்சுல உக்காந்திருக்கு." பெயர் வாசிக்கப்படும். இனிஷியல், படிப்பு, வேலை பார்த்து ஓய்வுபெற்ற இலாகா உட்பட.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவன் நான். பேஸ்காரர்களைக் கடைசி வரிசையில், வெஸ்ட்ரிக் கதவை ஒட்டி நிறுத்துவது வழக்கம். பாடும்போது எங்களை யாரும் கவனிப்பதில்லை. பாடாதபோது நாங்கள் எல்லாரையும் கவனிக்கிறோம். அங்கே நின்று நான் தெரிந்துகொண்டது இதுதான்: திரித்துவத்துக்காகவோ, முன்குறித்தலுக்காகவோ, ஞானஸ்நானத்தில் முழுக்கா தெளிப்பா என்பதற்காகவோ எங்கள் சபையில் குரல் உயர்ந்து கேட்டதில்லை. குரல் உயர்வதெல்லாம் மைக்குக்கும் நாற்காலிக்கும் சாவிக்கும்தான். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னை மரத்தில் நட்சத்திரம் கட்ட விட்டுவிட்டு ஏணியை எடுத்துவிடுவார்கள்.

எங்களிடம் கார்ட்லெஸ் மைக் ஒன்றுதான் உண்டு. அது பிரசங்க பீடத்துக்கு என்பது எழுதாத சட்டம். ஒரு செயலாளர் வந்தார். அறிவிப்பு வாசிக்கவும் தனக்குக் கார்ட்லெஸ்தான் வேண்டும் என்றார். வயர் மைக் நிற்கிற இடத்தில் தூண் மறைக்கிறதாம். தூண் மறைப்பது வாஸ்தவம். மிஷனரி காலத்துத் தூண். இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் பின்னால் செயலாளரின் புதுச் சட்டை வீணாய்ப் போவதும் வாஸ்தவம். கமிட்டி கூடியது. தீர்மானம் இப்படி நிறைவேறியது: அறிவிப்பு முடியும்வரை கார்ட்லெஸ் செயலாளரிடம், பிரசங்கத்துக்கு முன் ஐயரிடம் (எங்கள் ஊரில் குருவானவர்தான் ஐயர்) ஒப்படைக்கப்பட வேண்டும், பேட்டரிச் செலவு பொது நிதியிலிருந்து. இந்தப் பேட்டரி வரிக்குத்தான் ராத்திரி பத்து மணி வரை விவாதம்.

ஆனால் செயலாளரும் ஐயரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. சபையை நடத்துவது, பின்னால் மிக்ஸருக்கு முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பாலிடெக்னிக் பையன். டெனரில் ஒருவர் சுருதி விலகினால் அவருடைய மைக் மெல்ல அடங்கிவிடும். அவருக்குத் தெரியாது, அவர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருப்பார். சாட்சி நேரத்தில் அவன் திறமையைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் என்று சொல்லி மைக்கை வாங்கியவர் மகனுடைய கேம்பஸ் இன்டர்வியூவில் ஆரம்பித்து, மூட்டுவலி, நிலத்தகராறு என்று போய்க்கொண்டிருப்பார். ஐயர் பின்பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். ஸ்பீக்கரில் 'கொர்' என்று லேசாக ஒரு சத்தம் கிளம்பும். "மைக்ல ஏதோ கோளாறு, இத்தோட முடிச்சுக்கிறேன், ஸ்தோத்திரம்" என்று சாட்சிக்காரர் இறங்கிவிடுவார். சத்தமும் நின்றுவிடும். பையன் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கமிட்டிக் கூட்டம் வேறு ரகம். அங்கே எதிர்த்துப் பேசுவது அநாகரிகம். ஆகவே எதிர்த்து ஜெபிப்பார்கள். ஆரம்ப ஜெபம் செய்யச் சொன்னவர் எழுந்து, "மறைவானவைகளை வெளியரங்கமாக்குகிற ஆண்டவரே, ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்குக் கேட்கிறவரே" என்று தொடங்குவார். பொருளாளர் கண்ணை மூடியிருந்தாலும் காது சிவப்பது தெரியும். ஜெபத்தின் நடுவே பாயிண்ட் ஆஃப் ஆர்டர் எழுப்ப முடியாது. முடிவில் எல்லாரும் 'ஆமென்' சொல்லியாக வேண்டும், பொருளாளர் உட்பட. பதில் வரக் கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நிறைவு ஜெபம் பொருளாளரின் மைத்துனருக்கு: "சகோதரர்மேல் குற்றம் சாட்டுகிற நாவுகளை இந்த நேரத்திலே கட்டுகிறோம் ஆண்டவரே." அதற்கும் எல்லாரும் ஆமென். தணிக்கையாளர் அறிக்கையெல்லாம் இதன் கால்தூசுக்குப் பெறாது.

இந்தக் கலையின் வீட்டுப் பதிப்புதான் ஜெபக்குறிப்பு. "ஒரு குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிக்கணும் சிஸ்டர். பேரு வேண்டாம். தண்ணி டேங்க் பக்கத்துல பச்சை பெயிண்ட் அடிச்ச வீடு. மூத்த பொண்ணு. பெங்களூர்ல வேலை." எல்லாரும் பாரத்தோடு முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். பெயர் சொல்லாததால் இது புறங்கூறுதல் ஆகாது.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது பெரிய போர்முனை. எட்டரை ஆராதனையில் பாமாலை உண்டு, கீர்த்தனை உண்டு, 'கோரஸ்' என்று ஒரு மூலையில் அனுமதிக்கப்பட்ட புதுப்பாட்டும் உண்டு. எங்கள் கொயர் மாஸ்டர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான்கு குரலில் பாடும் பாமாலைதான் பரலோகத்தின் ஆட்சிமொழி என்பது அவர் கட்சி. கீர்த்தனைக்கு ராகம், தாளம் கெடாமல் பாட வேண்டும் என்பது ஆல்ட்டோ வரிசையில் நிற்கும் பாட்டு டீச்சரின் கட்சி. வாலிபர்கள் கட்சிக்கு டிரம்ஸ் வேண்டும். இதில் எல்லாக் கட்சியும் ஒன்றுபடுவது ஒரே இடத்தில்: மற்றவர்கள் பாட்டில் பக்தி இல்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெடுத்துவிட்டார்கள்' என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு வேதநாயக சாஸ்திரியார் ஞாபகம் வரும். 1774-ல் இதே திருநெல்வேலியில் பிறந்தவர், தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னர் மதித்த கவிராயர். இன்று நாம் 'பழைய பாட்டு' என்று பயபக்தியோடு பாடும் கீர்த்தனைகளில் பல அவருடையவை. அந்த மனுஷருக்கும் புதிதாக வந்த மிஷனரிகளுக்கும் 1820-களில் பெரிய சண்டை. வேதப்புத்தகத்தின் மொழிபெயர்ப்பில் கைவைக்கிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ கூடாது என்கிறார்கள், கோயிலில் தமிழ்ப்பாட்டை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று எழுதிக் குவித்தார். சாதிகளை ஒன்றாக உட்காரவைக்கிறார்கள் என்பதும் அவருடைய புகார்களில் ஒன்று. அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நம் வழக்கம், அது சரியில்லை. பாட்டில் அவர் சொன்னது நியாயம், பந்தியில் மிஷனரிகள் சொன்னது நியாயம். ஆக, அன்றைக்குக் கீர்த்தனைதான் கலகக்கார 'கோரஸ்'. இன்று அது பெரியவர் ஆகிவிட்டு டிரம்ஸை முறைக்கிறது.

இன்னொரு வேடிக்கை. புதுப்பாட்டே கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்ட பெரியவர்கூட குளிக்கும்போது முணுமுணுப்பது பெர்க்மான்ஸ் பாட்டைத்தான். 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' நுழையாத சபை தமிழ்நாட்டில் இல்லை. அதை எழுதியவர் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். சீர்திருத்தத் திருச்சபையின் பக்தியைப் பாதி அவர்தான் இன்று சுமக்கிறார் என்றால் லூத்தர் ஐயா என்ன நினைப்பாரோ!

எங்கள் வாலிபர்கள் போரில் ஜெயிக்காமலே ஜெயித்துவிட்டார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு 'வாலிபர் ஆராதனை' என்று ஒன்று ஒதுக்கப்பட்டது. காலையில் அந்த டிரம்ஸ் செட் ஊதாத் துணி போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்கும். வெளியூரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் அது யாருடைய கல்லறை என்று கேட்டார்.

சரி, பக்கத்து டவுனில் கல்யாண மண்டபமாக இருந்து சபையாக மாறிய இடத்துக்கு ஒரு நடை போய்வருவோம். என் சித்தப்பா மகன் அங்கே கீபோர்டு வாசிக்கிறான். அவன் புண்ணியத்தில் மேடைக்குப் பின்னால் நுழைந்துவிட்டேன். மணமகள் அறை இப்போது பாடகர்களுக்கான கிரீன் ரூம். கண்ணாடியைச் சுற்றிப் பல்பு அப்படியே இருக்கிறது. மேடையில் எல்.இ.டி. திரையில் பத்து நிமிடத்திலிருந்து கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. சபையார் அதைப் பார்த்து அமைதியாகிறார்கள். உள்ளே ஒரே களேபரம்: கறுப்புச் சட்டை போட வேண்டிய நாளில் ஒருவன் நீலத்தில் வந்துவிட்டான். கேமராவில் அது திரையோடு கலந்துவிடுமாம். கடைசியில் காணிக்கை எடுக்கிற அண்ணனின் சட்டையைக் கழற்றி இவனுக்கு மாட்டினார்கள். அன்றைக்குக் காணிக்கை நீலச் சட்டையில் எடுக்கப்பட்டது.

அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். ஆராதனை நடத்துகிற தம்பி கண்ணை மூடிக் கையை உயர்த்துகிறார் அல்லவா? அதில் ஒற்றை விரல் நீட்டினால் சரணத்துக்குப் போ. விரலைச் சுழற்றினால் பல்லவி இன்னொரு தடவை. முஷ்டி மடக்கினால் நிறுத்து. சபையாரும் அதைப் பார்த்து விரலைச் சுழற்றிப் பரவசமாகப் பாடுகிறார்கள். டிரம்மர் மட்டும் தெளிவாக இருக்கிறான், ஏனென்றால் அவன் காதில் கிளிக் ட்ராக் 'டக் டக்' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதேபோல பாஸ்டர் பிரசங்கத்தில் குரலைத் தாழ்த்தி, "இந்த நாளிலே ஒருவேளை நீங்கள்..." என்று தொடங்கினால் கீபோர்டில் 'பேட்' ஒலி மெல்லப் பரவ வேண்டும். என் தம்பி ஒருநாள் டீ குடிக்கப் போனவன் வரத் தாமதம். பாஸ்டர் அந்த 'ஒருவேளை'யை நான்கு தடவை சொல்லவேண்டியதாயிற்று.

இதைச் சொல்லிச் சிரிப்பதால் அவர்களைப் போலி என்று சொல்லுவதாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் அர்ச்சிப்பின் ஜெபத்துக்கு மணி அடிக்க வேண்டிய நேரத்தைக் கோயில்பிள்ளைக்குக் கண்ஜாடை காட்டுவதும் இதே வேலைதான். கிளிக் ட்ராக்கை ஒளித்துவைத்துவிட்டு அழுகிற அந்தத் தம்பியின் கண்ணீர் நிஜம். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த மண்டபச் சபை சேர்ந்த பெந்தெகொஸ்தே உலகம் ஒரு காலத்தில் வெள்ளை உடைக்குப் பேர்போனது. 1924-ல் கொழும்பில் தொடங்கி, இன்று தாம்பரம் பக்கம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் இன்னும் வெள்ளையில்தான் இருக்கிறார்கள். நகை கிடையாது, மருந்தும் கிடையாது. அந்த மரபில் வளர்ந்த தாத்தாவின் பேரன் கிழிந்த ஜீன்ஸில் ஆராதனை நடத்துகிறான். தாத்தா அவனைக் கண்டித்துச் சொன்னது: "துணி வாங்கப் பணம் இல்லேன்னா என்கிட்ட கேளுடே."

இந்த உலகத்தின் இதயம் சபையில் இல்லை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஃப்ளெக்ஸ் கடையில் இருக்கிறது. அந்த டிசைனர் தம்பி கட்சிக்காரர்களுக்கும் சடங்கு வீடுகளுக்கும் கோயில் கொடைக்கும் ஃப்ளெக்ஸ் போடுகிறவன். மதச்சார்பின்மை என்றால் அவன்தான். ஊழியக்காரர் உள்ளே நுழைந்ததும் கேட்பான்: "பாஸ்டர், தீயா, புறாவா, சிங்கமா?" யூதா கோத்திரத்துச் சிங்கம் இப்போது நல்ல ஓட்டம் என்று அவனே சிபாரிசும் செய்வான். அடுத்த கேள்வி பட்டம். பாஸ்டர் என்றிருந்தது ரெவரெண்ட் ஆகி, முன்னால் டாக்டர் சேர்ந்து, பிஷப் ஆகி, இப்போது அப்போஸ்தலரிலும் தீர்க்கதரிசியிலும் நிற்கிறது. பேதுருவுக்கும் பவுலுக்கும் சமமாக வந்தாயிற்று. இனி மேலே இடம் குறைவு. ஃப்ளெக்ஸில் ஊழியக்காரரும் அம்மாவும் ஐந்தடி உயரத்தில் சிரிப்பார்கள். ஆண்டவருக்கு மூலையில் சின்னதாக ஒரு சிலுவை. "படம் சின்னதா இருக்கே" என்று யாரும் கேட்டதில்லையா என்றேன். "கேட்டாங்க சார். அம்மா படம் சின்னதா இருக்குன்னு" என்றான்.

எங்கள் சி.எஸ்.ஐ.க்குத் திரும்புவோம். எங்களுக்குப் பட்டத்தில் ஆசை இல்லை, பதவி போதும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். சேகரக் கமிட்டி, பெருமன்றம், செயற்குழு என்று ஏணி மேலே போகும். ஏணியின் உச்சியில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன ஐயா, கல்லூரிகள் இருக்கின்றன. மிஷனரிகள் கட்டிவைத்துவிட்டுப் போனவை. அரசு சம்பளம் வருகிற ஆசிரியர் பணியிடங்கள் இருக்கின்றன. தாளாளர் நாற்காலி இருக்கிறது. அது இல்லையென்றால் பெருமன்றத்துக்கு நிற்க ஆள் தேடி வீடு வீடாகப் போகவேண்டியிருக்கும். திருமண்டல வழக்குகளில் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக உயர் நீதிமன்றம் நியமிக்க வேண்டிவந்தது ஊரறிந்த சங்கதி. மத்தேயு 18-ல் சகோதரனிடம் தனியாகப் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறது. நாங்கள் ரிட் மனுவாகப் போய்ப் பேசுகிறோம்.

எங்கள் ஊரில் மேலத்தெரு அணி, கீழத்தெரு அணி. இரண்டு துண்டுப்பிரசுரமும் ஒரே அச்சகத்தில், ஒரே வாசகத்தில்: ஜெபத்தோடு வாக்களியுங்கள். இவர்களுடைய நிஜமான பிரசாரக் களம் அறுப்பின் பண்டிகை ஏலம். அதைப் பார்க்காதவர்கள் பிறவி எடுத்துப் பயனில்லை. பலிபீடத்தின் முன் வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல், யாரோ ஒரு பாட்டி கொண்டுவந்த ஒரே ஒரு எலுமிச்சம்பழம். ஏலம் விடுகிறவர் எங்கள் சபை ஊழியர். ஞாயிறு பிரசங்கத்தில் தூங்கவைக்கிற அதே மனுஷர், ஏலத்தில் வேறு பிறவி.

"எலுமிச்சம்பழம் ஒண்ணு! அம்பது ரூவா ஒரு தரம்!"

"நூறு" என்று மேலத்தெரு.

"ஐநூறு" என்று கீழத்தெரு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சபை ஊழியர் பழத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சாறு பாருங்க! ஐநூறு ரெண்டு தரம்!"

"ஆயிரம்."

பின் வரிசையில் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவர் விவரம் தெரியாமல் ஆயிரத்து ஐநூறு என்றார். இரண்டு அணியும் சேர்ந்து அவரை முறைத்தது. அன்றைக்கு மட்டும்தான் அவர்களுக்குள் ஒற்றுமையைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நாலாயிரத்துக்குக் கீழத்தெரு வேட்பாளருக்குப் போனது. அவர் அதை அங்கேயே ஐயரம்மாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். கைதட்டல். மேலத்தெருக்காரர் சேவலை ஆறாயிரத்துக்கு எடுத்தார், அது கட்டை அவிழ்த்துக்கொண்டு பாடகர் குழுவுக்குள் புகுந்தது. சோப்ரானோவின் உச்சஸ்தாயி அன்றுதான் சுத்தமாகக் கேட்டது. தேர்தலில் ஜெயித்தது யார் என்கிறீர்களா? துபாய்க்காரரின் அண்ணன்.

சண்டை போட்டே பிரிந்தவர்களும் எங்கள் சீமையில் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாசரேத்தில் மிஷனரியோடு முரண்பட்டு வெளியேறிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857-ல் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனிச்சபையே நிறுவினார். வெள்ளைக்காரர் தயவு வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமைதான் என்றார். நாடார்களைப் பற்றி 1849-ல் கால்டுவெல் எழுதிய புத்தகம் கிளப்பிய கோபம் அதற்குப் பின்னால் இருந்தது. அது மைக் சண்டை இல்லை, மானச் சண்டை. மறுபக்கம், ஒன்றாகச் சேர்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒருமைப்பாட்டுப் பேச்சு, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. 28 வருடம். முன்னின்று உழைத்த எங்கள் வெள்ளாளன்விளை அசரியா பேராயர் அதைப் பார்க்காமலே 1945-ல் போய்விட்டார். கீபோர்டு வாங்கும் சப்-கமிட்டி நாலு வருடம் இழுக்கிறதே என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்துவிடுவேன்.

பேராயர் வருகை பற்றி நிறைய எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், திடப்படுத்தல் ஆராதனைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதற்கு ஆனதைவிடப் பொன்னாடை போடுகிறவர்களின் வரிசையைத் தயார்செய்வதற்கு அதிக நாளாகும். முதல் பொன்னாடை யார், மூன்றாவது யார் என்பதில் அணிகள் இரண்டும் சமாதானமாகாமல் கடைசியில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு தோளில் போட்டார்கள். அன்று பேராயருக்கு நன்றாக வியர்த்தது.

டிசம்பர் 31 ராத்திரிதான் எனக்குப் பிடித்த ராத்திரி. பதினொன்றரைக்கு ஆராதனை, பன்னிரண்டுக்கு மணி, பிறகு வாக்குத்தத்த அட்டை. தட்டில் குவித்து நீட்டுவார்கள், கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், வருடம் முழுக்க அதுதான் உங்களுக்கு. இதன் பூர்வீகம் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் என்று நினைக்கிறேன். அங்கே மொராவியச் சபையார் சீட்டுப்போட்டு எடுத்த தினவசனங்களை 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். 1733-ல் வருடப் பிறப்புக்கு விழித்திருந்ததும் அவர்கள்தான். அவர்களுடைய தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு, ஹாலே பள்ளிக்கூடத்தில் தரங்கம்பாடி மிஷனரிகளின் கதை கேட்டு வளர்ந்தவர். நம் ஊர்க் கதை அங்கே போய், அங்கிருந்து வழக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஹெர்ன்ஹூட்காரர்கள் சீட்டில் வருவதை அப்படியே ஏற்றார்கள். நாங்கள் வடிகட்டுகிறோம். அட்டை அச்சாகி வந்ததும் வெஸ்ட்ரியில் உட்கார்ந்து புரட்டிப் பார்ப்பது பாடகர் குழுவின் வேலை. பெருக்கம், உயர்வு, ஆசீர்வாதம், எல்லை விரிவு. எச்சரிப்பு ஒன்றுகூட இல்லை. எரேமியா 29:11 மட்டும் கட்டுக்கட்டாக இருக்கும். நல்ல எதிர்காலம் தருகிற வசனம். அதற்கு முந்தின வசனத்தை இதுவரை எந்த அச்சகமும் அட்டையாக்கவில்லை. பாபிலோனில் எழுபது வருடம் இருந்தாக வேண்டும் என்று சொல்கிற வசனம் அது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். முதல் அட்டை மனதுக்குப் பிடிக்காதவர்கள் "என் வீட்டுக்காரிக்கு ஒண்ணு" என்று இரண்டாவது எடுப்பார்கள். வீட்டுக்காரி பக்கத்து வரிசையில் தன் அட்டையோடு நின்றுகொண்டிருப்பாள்.

அட்டைத் தட்டை யார் நீட்டுவது என்பதற்கும் சண்டை உண்டு, கேட்க வேண்டுமா!

மைக்கும் நாற்காலியும் சாவியும் இல்லாமலே சபையை ஓட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்துக்கு வாருங்கள். அடுப்பில் அண்டா ஏற்றுகிறவர் கூலிக்கு வந்த சமையல்காரர். பக்கத்தில் நாற்காலி போட்டு 'மேற்பார்வை' பார்ப்பவர்கள் கமிட்டி ஆண்கள். பந்தல் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து, பூண்டு உடைத்து, விடிகிறவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். சபையின் எல்லாச் செய்தியும் அங்கே தெரியும். எந்த அணி எத்தனை ஓட்டில் தோற்கும் என்பது எண்ணுவதற்கு முந்தின வாரமே தெரியும். போன வருடம் கோயில் கூரை ஒழுகியபோது கமிட்டி மூன்று தடவை கூடி மதிப்பீடு கேட்டது. பெண்கள் சங்கம் முறுக்கும் அதிரசமும் விற்று ஓடு வாங்கி இறக்கிவிட்டது. திறப்புவிழாக் கல்வெட்டில் செயலாளர், பொருளாளர், சேகரத் தலைவர் பெயர்கள் இருக்கின்றன. முறுக்குச் சுட்டவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மா 2013-லேயே பேராயராகிவிட்டார், சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர். எங்கள் சேகரக் கமிட்டியிலும் பெண்கள் இருக்கிறார்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டில் 'வழிமொழிந்தவர்' என்ற இடத்தில் மட்டும் அவர்கள் பெயர் தென்படும். வருகிற தேர்தலில் பெண்கள் சங்கப் பொருளாளர் செயலாளர் பதவிக்கு நிற்கப்போவதாக வெங்காயப் பந்தலில் பேச்சு. ஓட்டுக்கு ஓடு இறக்கிய கணக்கை ரசீதோடு வைத்திருக்கிற ஒரே ஆள் அவர்தான். என் ஓட்டு அவருக்கு. உங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். அதற்கு முன்னால் சபைச் சந்தாவான சங்கக் காணிக்கைப் பாக்கியைக் கட்டிவிடுங்கள். பாக்கிக்காரர் பெயர் வாக்காளர் பட்டியலில் வராது.